உப்பும் சொல்லும்: குடல் நோயும் குழந்தை மனக்காயமும் ஆராயப்பட்ட வரலாறு

 

புதுச்சேரி நகரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் எதிர்ப்படும் மீனவர் ஊர்களுள் பொம்மையார்பாளையமும் ஒன்று. அங்கிருந்து மேலும் வடக்கே சென்றால் கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும் வருகின்றன. இந்தக் கரை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்டது; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்டது; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலைக் கண்டது. ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் இடிந்த சுவர்களையும் உடைந்த படகுகளையும் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகின்றார்கள். கணக்கில் எளிதில் ஏறாத இழப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, வெள்ளநீர் குடிநீரோடு கலந்தபின் குழந்தைகளின் வயிற்றில் புகும் நோய். மற்றொன்று, அலையையும் காற்றையும் கண்ட குழந்தையின் நெஞ்சில் தங்கிவிடும் அச்சம்.

இவ்விரண்டும் வெளியே தெரியாதவை. கை ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியும். குடலில் எந்தக் கிருமி இருக்கின்றது என்பதும், உள்ளத்தில் எந்தக் காட்சி உறைந்து கிடக்கின்றது என்பதும் தெரிவதில்லை. ஆகவே இவற்றை அறிவதற்கும் ஆற்றுவதற்கும் மனிதகுலம் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் பெரும்பகுதி வங்கக் கடலைச் சுற்றியுள்ள நம் நிலங்களிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

உடலும் உள்ளமும்: முன்னோர் வகுத்த வழி

நோயை நோயிலிருந்து பிரித்தறிவதே மருத்துவத்தின் முதற்படி. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவம் பார்த்த அபூபக்ர் அர்ராஸீ, அதுவரை குழப்பத்திற்கு இடமாயிருந்த பெரியம்மையையும் தட்டம்மையையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். அவருடைய மருத்துவக் குறிப்புகளின் பெருந்தொகுப்பாகிய 'அல்ஹாவீ'யில் மற்றொரு செய்தியும் காணப்படுகின்றது. மூளைக்காய்ச்சலின் முன்னறிகுறிகள் தோன்றிய ஒரு குழுவினருக்கு இரத்தம் இறக்கிச் சிகிச்சை செய்ததாகவும், இன்னொரு குழுவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்ததாகவும் அவர் குறித்துள்ளார். இரத்தம் இறக்குவது பயன் தரும் என்ற அவருடைய முடிவை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆயினும் ஒரு சிகிச்சையின் பயனை அறிய, அதைப் பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பெரிது.

அவருடைய காலத்தவரே அபூ ஸைத் அல்பல்கீ. ஹிஜ்ரி 322 இல் மறைந்த அவர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை இரு பகுதிகளாக வகுத்தார். முதற்பகுதி உடலின் நலனையும், இரண்டாம் பகுதி உள்ளத்தின் நலனையும் பேசுகின்றது. அச்சம், கவலை, சினம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராயும் அவர், உடல் நோய்க்காக வீட்டில் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல உள்ளத்திற்காக நல்ல சிந்தனைகளை முன்கூட்டியே சேமித்து வைக்கவேண்டும் என்கின்றார்.

பிற்காலத்தில் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களை வகுத்தபோது, மார்க்கம், செல்வம் ஆகியவற்றோடு உயிரையும் அறிவையும் சந்ததியையும் பாதுகாப்பதை அவற்றுள் அடக்கினார்கள். குழந்தையின் குடலைக் காப்பது உயிரைக் காப்பது. குழந்தையின் உள்ளத்தைக் காப்பது அறிவைக் காப்பது. இரண்டும் ஒருசேரச் சந்ததியைக் காப்பதாகும்.

வாந்திபேதி கற்பித்த பாடம்

நம் பாட்டன்மார் 'வாந்திபேதி' என்று அஞ்சிய காலராவின் கிருமியை, ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884 இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அது எவ்வாறு கொல்கின்றது என்பது அதன்பின்னும் 75 ஆண்டுகள் விளங்கவில்லை. கல்கத்தாவில் பணியாற்றிய நோய்க்கூறியல் அறிஞர் சம்புநாத் டே, முயலின் குடலில் ஒரு சிறு பகுதியை நூலால் கட்டி அதனுள் கிருமியைச் செலுத்தி என்ன நிகழ்கின்றது என்று பார்த்தார். 1959 இல், கிருமிகளை முற்றாக வடிகட்டி நீக்கிய நீர்மத்தைச் செலுத்தினாலும் குடலில் அதேபோல நீர் சுரக்கின்றது என்று நிறுவினார். கிருமி வெளியிடும் நஞ்சே குடலை நீர் சொரியச் செய்கின்றது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. நோயாளியைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிப்போவதே. எனவே வெளியேறியதைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் நிலைக்கும்.

நோயறிதலில் இன்னொரு பாடத்தை நம் தமிழகமே உலகிற்குக் கற்பித்தது. காலராவுக்குக் காரணமான கிருமி 'ஓ1' என்னும் வகையைச் சேர்ந்தது என்றும், அவ்வகைக்குரிய எதிர்ச்சீரத்தோடு அது திரளும் என்றும் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் கொண்டிருந்தன. 1992 இன் இறுதியில் சென்னையில் காலராவைப் போன்றே கடுமையான பேதி பரவியது. ஆனால் அக்கிருமி ஓ1 எதிர்ச்சீரத்தோடு திரளவில்லை. அதுவரை அறியப்பட்ட 138 வகைகளுள் எதனோடும் பொருந்தவில்லை. வேலூரிலும் மதுரையிலும் அது காணப்பட்டது. பின்னர் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. 139 ஆம் வகையாக அதற்கு 'ஓ139' என்று பெயரிட்டார்கள். பழைய காலராவைக் கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. சோதனை என்பது நாம் கேட்கும் கேள்விக்கு மட்டுமே விடை தரும். ஓ1 இல்லை என்ற விடையை நோயே இல்லை என்று கொண்டிருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! நோயாளியின் நிலையையும் சோதனையின் விடையையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்களே அதை அடையாளம் கண்டார்கள்.

ஒரு சிட்டிகை உப்பு

உப்பளக் கரையில் வாழும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க வரலாறு அடுத்து வருவது. குடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளிழுக்கப்படுகின்றன என்னும் கருத்தை ராபர்ட் கிரேன் 1960 இல் முன்வைத்தார். பேதியாகும்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. 1968 இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் தம் சக ஆய்வாளர்களோடு, வாய்வழி கொடுக்கும் சர்க்கரை உப்புக் கரைசல் காலரா நோயாளிகளுக்கு நரம்புவழி நீரின் தேவையைப் பெரிதும் குறைக்கின்றது என்று காட்டினார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே இது பயன்படுமா? 1971 இல் அதற்கான சோதனை கேளாமலே வந்தது. போரிலிருந்து தப்பி எல்லை கடந்த அகதிகளால் நிரம்பிய மேற்கு வங்கத்தின் பன்காவில், காலரா நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்புவழிச் செலுத்தும் நீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, இக்கரைசலைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. 2022 இல் மறைந்த அவருக்கு, 2023 இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் இதை வீடுதோறும் கொண்டுசென்றது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர்: இந்த அளவை 1980 முதல் 1990 வரை ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் பெண் பணியாளர்கள் தாய்மார்களுக்கு நேரில் கற்பித்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றாள் என்று கேட்பார். அவள் நினைவில் வைத்திருந்த அளவைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களாகிய நாம் இதைச் சிந்திக்க வேண்டும். சொல்லிவிட்டோம் என்பதோடு நம் கடமை முடிவதில்லை. கேட்டவர் உள்ளத்தில் அது நின்றதா என்பதே கணக்கு.

இன்றும் நம் வீடுகளில் பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீரும் பாலும் நிறுத்தப்படுவது உண்டு. கொடுத்தால் இன்னும் போகும் என்ற அச்சமே காரணம். மேலே கண்ட வரலாறு முழுவதும் இந்த அச்சத்திற்கு மறுப்பாகும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கடையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு சுத்தமான நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். உப்பு மிகுந்தால் அதுவும் தீங்கே. ஆதலால் கைக்கணக்கை விடப் பொட்டலமே பாதுகாப்பானது. இதனோடு 10 முதல் 14 நாட்கள் துத்தநாக மாத்திரை கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004 இல் பரிந்துரைத்தன. மலத்தில் இரத்தம், குழிந்த கண், சிறுநீர் இன்மை, சோர்ந்து மயங்குதல் ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேலூரின் பங்கு

1973 இல் ஆஸ்திரேலியாவின் ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் குழந்தைகளின் குடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ரோட்டா வைரஸைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பு குழந்தைப் பேதிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாமலே இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி குடல் நோய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த இடம். அங்கு பணியாற்றிய டாக்டர் ககன்தீப் காங், குழந்தைகளின் குடல் தொற்றுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். 2019 இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அறிஞர் அவரே. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்ட ஒரு வைரஸ் வகையிலிருந்து உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வைரஸ் பேதியைப் பாதிக்கும் சற்று மேலாக அது தடுத்தது. 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து இடம்பெற்றுள்ளது. முழுப் பாதுகாப்பு இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைக் கொன்ற நோயில் பாதியைத் தடுப்பது சிறு செயலன்று.

அச்சமும் ஒரு காயமே

இனி மற்றொரு நோய்க்கு வருவோம். பேரச்சத்தால் விளையும் மனக்காயம் 1980 இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் தனி நோயாக இடம்பெற்றது. அப்போதும் போரிலிருந்து திரும்பிய வீரர்களே மனத்தில் இருந்தார்கள். குழந்தைகள் விரைவில் மறந்துவிடுவார்கள் என்பதே பொதுக் கருத்து. 1976 இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் 26 பள்ளிக் குழந்தைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்குள் புதைக்கப்பட்ட வண்டியில் அடைக்கப்பட்டுத் தப்பினார்கள். மருத்துவர் லெனோர் டெர் அக்குழந்தைகளைச் சந்தித்து, நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்பு மீண்டும் பார்த்தபோது, அனைவரிடமும் அக்காயம் ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சியிருந்தது. குழந்தை மறப்பதில்லை, சொல்லத் தெரியாமல் இருக்கின்றது. கனவிலும் விளையாட்டிலும் அது மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இவ்வறிவு நம் கரைக்குத் தேவைப்பட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுவினர் தமிழகக் கரையோரத்தில் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உளநல உதவிப் பயிற்சி அளித்தார்கள். பொம்மையார்பாளையத்திற்கு அருகிலுள்ள ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், 2005 இல் மீனவப் பெண்களின் கைகளுக்கு வேலையும் மனத்திற்கு ஆறுதலும் தர 'சுனாமிகா' என்னும் சிறு துணிப்பொம்மை செய்யக் கற்பித்தது. அது பரிவின் வெளிப்பாடு, போற்றத்தக்கது. ஆயினும் எந்த உதவி எந்த அளவு ஆற்றுகின்றது என்பதை அறிய, அர்ராஸீ காட்டிய வழியில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அவ்வாறான ஆய்வு கடலுக்கு அக்கரையில் நம் தமிழ்க் குழந்தைகளிடம் நடந்தது. அலை அடித்த சில வாரங்களில் இலங்கையின் மூன்று கரையோர ஊர்களில் 264 குழந்தைகளை நாய்னரும் சகாக்களும் சந்தித்தபோது, ஊரைப் பொறுத்து நூற்றுக்கு 14 முதல் 39 வரையிலான குழந்தைகளிடம் மனக்காய நோயின் அறிகுறிகள் இருந்தன. போரையும் அலையையும் ஒருங்கே கண்ட வடகிழக்குக் குழந்தைகளுள் 8 முதல் 14 வயதுடைய 31 பேரை முகாமிலேயே குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆறு அமர்வுகள் சிகிச்சை அளித்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத் துணையாளர்களே அதை நடத்தினார்கள்.

முதற்குழுவினர் தம் வாழ்வைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். இம்முறையில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். மகிழ்ச்சியான நாட்களுக்குப் பூவும், துயரமான நாட்களுக்குக் கல்லும் அதன்மேல் வைக்கப்படும். குழந்தை சொல்வதை எழுதி, அதற்கே திரும்பப் படித்துக் காட்டுவார்கள். சிதறிக் கிடந்த அச்சம் இவ்வாறு 'அன்று நிகழ்ந்தது, இன்று முடிந்துவிட்டது' என்னும் ஒரு கதையாக ஒழுங்குபெறுகின்றது. இரண்டாம் குழுவினர் தியானத்தையும் உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் கற்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்குழுவில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாம் குழுவில் 71 பேரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009 இல் இம்முடிவு வெளியாயிற்று. சிகிச்சையே பெறாத மூன்றாம் குழு இல்லாததால், நாட்பட இயல்பாக ஆறிய பங்கு எவ்வளவு என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் எளிய முகாமில், உள்ளூர் மக்களால், ஆறே அமர்வுகளில் உதவ முடியும் என்ற நம்பிக்கையை அது தந்தது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் இத்துறையில் சான்று உண்டு. பேரிடர் நிகழ்ந்த உடனே எல்லோரையும் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒருமுறை அமர்வு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது அது மனக்காயத்தைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்கே செய்திருக்கலாம் என்றும் தெரிந்தது. ஆகவே, நேற்று வெள்ளத்தில் மீண்ட பிள்ளையைச் சுற்றி நின்று 'என்ன பார்த்தாய், சொல்' என்று வற்புறுத்தலாகாது. பாதுகாப்பு, உணவு, உறவினரின் அருகாமை, வழக்கமான அன்றாட ஒழுங்கு ஆகியவையே முதலில் வேண்டும். அது தானாகச் சொல்ல முன்வந்தால் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளை

இவ்விரு நோய்களும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. மக்தபில் அமர்ந்திருக்கும் நாம் அதைக் காண்கின்றோம். ஒரு பிள்ளை அடிக்கடி 'வயிறு வலிக்கிறது, ஹஜ்ரத்' என்கின்றது. 1958 இல் பிரிட்டனின் ஜான் ஏப்ளியும் நோரா நெய்ஷும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்வாறு திரும்பத் திரும்ப வலி வருவதைக் கண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோரிடம் உடல்சார்ந்த காரணம் அகப்படவில்லை. வீட்டுச் சூழலும் மனச்சுமையும் அவ்வலியோடு தொடர்புற்றிருந்தன. இங்கே இரு வழிகளில் நாம் தவறக்கூடும். குடலில் புழுவோ தொற்றோ உள்ள பிள்ளையை ஓதாமல் தப்பிக்க நடிக்கின்றது என்று கண்டிப்பது ஒரு தவறு. வீட்டில் அடிபடும், அல்லது பேரச்சத்தைச் சுமக்கும் பிள்ளைக்கு மாதந்தோறும் புழு மருந்து மட்டும் வாங்கிக் கொடுப்பது மற்றொரு தவறு. முதலில் மருத்துவரிடம் காட்டி உடலைச் சோதிக்க வேண்டும். உடலில் ஒன்றும் இல்லை எனில், வலி பொய் என்று முடிவு கட்டாமல் உள்ளத்தைக் கேட்க வேண்டும். சென்னையின் ஓ139 நமக்குக் கற்பித்ததும் இதுவே.

இரவில் அலறி எழும் குழந்தையை, படுக்கையை நனைக்கும் குழந்தையை, பேச்சற்றுப்போன குழந்தையை ஜின் பிடித்தது என்று முடிவு செய்து ஊர் ஊராக அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. மார்க்கம் அனுமதித்த முறையில் ஓதிப் பார்ப்பதையும் துஆ செய்வதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. துஆ மருந்தைத் தடுப்பதில்லை. அச்சத்தால் நடுங்கும் குழந்தையை மேலும் அச்சுறுத்துவதும், 'ஈமான் குறைவு' என்று பழிப்பதும் மார்க்கத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதி. பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்த ஓர் அநாதைச் சிறுவரின் உம்மத்து நாம். தம் மகன் இப்ராஹீமை இழந்தபோது அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் (அலை) அவர்கள் பார்வையிழந்த வரலாற்றை நாம் குர்ஆனில் ஓதுகின்றோம். நபிமார்களின் துயரத்தை மதிக்கும் நாம், ஒரு குழந்தையின் துயரத்தை எள்ளலாகாது.

நம் கரைக்கு அருகில் புதுச்சேரியில் ஜிப்மரும், காலாப்பட்டில் பிம்ஸும் உள்ளன. குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். மழைக்காலத்திற்கு முன்பு பள்ளிவாசலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இருப்பு வைத்து, கரைக்கும் முறையைத் தாய்மார்களுக்கு நேரில் செய்துகாட்டி, ஒரு மாதம் கழித்து மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். தடுப்பு மருந்து விடுபட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சேர்க்கலாம். பேரிடருக்குப் பின் ஒரு மாதம் கடந்தும் அச்சம் நீங்காத பிள்ளைகளை, ஊர் அறியாமல் மரியாதையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

மரக்காணத்து உப்பு சரியான அளவில் நீரோடும் சர்க்கரையோடும் கலந்தால் ஓர் உயிரைக் காக்கின்றது; அளவு தவறினால் தீங்காகின்றது. சொல்லும் அவ்வாறே. பிள்ளைகள் நம் கையில் உள்ள அமானிதம். அவர்களின் உடலையும் உள்ளத்தையும் அறிந்து காக்கும் அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.